பேச்சு நாற்காலி

திருமூர்த்திக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தறிப்பட்டறைக்காரர்கள் யாருக்கும் தெரியாது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவனிடம் டீ குடித்தாயா என்று கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். பல வருடம் அப்படிப் பேசிப் பேசி, பட்டறைக்கு வெளியிலும் அதே குரல் நின்றுவிடும். அதனால்தான் கோயமுத்தூர் மருத்துவமனையில் டாக்டர் நஸ்ரீன் அவனை உட்காரவைத்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கத்த வேண்டாமுங்க. உங்க சம்சாரத்துக்குக் காது நல்லாவே கேக்குது. மூளைக்குள்ளதான் பிரச்னை."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாருமதி கண்மூடிப் படுத்திருந்தாள். தலையில் குல்லாய்போல ஒரு கருவி. அது பார்ப்பதெல்லாம் சுவரில் மாட்டிய திரையில் மூளையின் வடிவத்தில் தெரிந்தது. பாதி நீலம், பாதி சிவப்பு.

ஊரில் அந்தக் காய்ச்சலை மூளைச்சூடு என்கிறார்கள். சில வருடங்களாக ஐப்பசி மழை விட்டதும் வருகிறது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பட்டறையில் பாவு நூலைப் பிணைக்கிற ஒருவருக்கு வந்து, பிழைத்துத் திரும்பியவர் தறியைப் பார்த்து இது என்ன மிஷின் என்று கேட்டார். அதைக் கண்ணால் பார்த்தவன் திருமூர்த்தி. சாருமதிக்கு நெற்றி கொதித்ததும் அவனுக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

"உங்க பட்டறைல எத்தனை தறிங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"இருபத்தி நாலு."

"எல்லாம் ஒண்ணா ஓடுமா?"

"ஆர்டருக்குத் தக்கனதான் ஓடும். பாதி நின்னுட்டுத்தான் இருக்கும்."

"ஜீனும் அப்படித்தான். மூளைக்குள்ள மைக்ரோக்ளியான்னு காவல் செல் இருக்குது. கிருமி வந்தா அடிக்கறதும் அதுதான், குப்பையக் கூட்டறதும் அதுதான். அதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஜீன் இருந்தாலும் முக்காவாசி சும்மா நிக்கும். இந்தக் காய்ச்சல்ல நிக்க வேண்டியதெல்லாம் ஓட ஆரம்பிச்சுடுது. ஓடினா அந்த செல்லுக்குப் பசி வந்துடும். நரம்புக்கும் நரம்புக்கும் நடுவுல இருக்கற இணைப்பைப் புடிச்சுத் தின்னும். நாம நினைப்புன்னு சொல்றதெல்லாம் அந்த இணைப்புதானுங்க. திரையில சிவப்பா தெரியறது ஜீன் வேகமா ஓடற இடம்."

"ஆஃப் பண்ணிப்போட முடியாதுங்களா?"

"சுத்தமா ஆஃப் பண்ணினா கிருமி ஆளைக் கொன்னுடும். பாதி வேகத்துக்குக் கொண்டு வர மருந்து இருக்குது. போட்டாச்சு. பாதி வேகத்துல அது கையில கெடச்சதையெல்லாம் தின்னாது. சும்மா கெடக்கற இணைப்பைத்தான் தின்னும். வேலை நடக்கற இணைப்பு, என்னைத் தொடாதேன்னு ஒரு சிக்னல் விட்டுட்டே இருக்கும்." டாக்டர் மேஜையைத் தாண்டிக் குனிந்தார். "அதனால நீங்க பேசணும். இந்த ஒரு வாரமும் யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து அவங்க வாழ்க்கைய அவங்களுக்கே சொல்லிட்டு இருக்கணும். எதைப் பேசறீங்களோ அது நிக்கும். பேசாதது போயிடும்."

"டேப் பண்ணிப் போட்டா ஆவாதுங்களா?"

"செஞ்சு பார்த்துட்டோம். கொஞ்ச நேரத்துல மூளை அதைக் கண்டுக்கறதில்ல. எதிர்ல ஆள் இருக்கணும். அவங்க ம் கொட்டினா நீங்க பதில் சொல்லணும். இன்னொண்ணுங்க, நல்லது மட்டும் பேசாதீங்க. கெட்டதும் பேசணும். கெட்டதும் அவங்கதான்."

கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த நீல நிற நாற்காலிக்குப் பேச்சு நாற்காலி என்று நர்ஸுகளே பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த நாற்காலி கொங்கு நாட்டுக் குடும்பங்களில் செய்த வேலை கொஞ்சமல்ல. யார் உட்காருவது என்று சம்பந்தி வீடுகளில் சண்டை வந்தது. ஒரு வீட்டில் தாயார் படுத்திருக்க, மகன்கள் மாற்றி மாற்றிப் பேசினார்கள். வேறு சாதிப் பையனோடு போன தங்கையின் பெயரை மட்டும் வாரம் முழுக்க ஒருவரும் எடுக்கவில்லை. தாயார் பிழைத்தெழுந்தபோது அவளுக்கு மகன்கள் மட்டும்தான். அந்த மகள் வாசலில் வந்து நின்றபோது, உள்ளே வாம்மா, யாரு வேணும் என்று கேட்டாளாம். இப்படி எத்தனையோ. பிழைத்து வந்தவர்கள் தாங்களாகச் சொல்லாத எதையும் நாமாகக் கேட்கக்கூடாது என்பது ஊரில் மரியாதையாகவே ஆகிப்போனது. கொலைக்கு இவ்வளவு மரியாதையான ஏற்பாட்டை நம்மவர்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது.

திருமூர்த்தியின் அக்கா செல்வநாயகி பல்லடத்திலிருந்து மகள் சஞ்சனாவோடு அன்று மத்தியானமே வந்து இறங்கினாள். சாருமதியின் காலைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியில் திருநீறு வைத்தாள், ஒறம்பரை சொந்தபந்தத்தில் யார் எப்போது வந்து உட்காருவது என்று ஃபோனிலேயே முடிவு செய்தாள். பிறகு தம்பியை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மூர்த்தி, ஒண்ணு சொல்றேன். கனி பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்."

"டாக்டர் கெட்டதும் பேசச் சொல்றாங்கக்கா."

"டாக்டருக்கு என்ன தெரியும். சீக்காக் கெடக்கறவ காதுல போயி சாவுச் சேதி சொல்லுவாங்களா? எந்த ஊர்லயாவது அப்படிச் செய்வாங்களா? நல்லதப் பேசு. உங்க கல்யாணத்தப் பேசு. பழனிக்குப் பாதயாத்திரை போனதப் பேசு. அந்தப் புள்ளை பேச்சை எடுத்தா இவ மூச்சு நின்னுபோயிரும்."

திருமூர்த்திக்கும் சாருமதிக்கும் ஒரே மகள். கனிஷ்கா என்று பெயர், வீட்டில் கனி. இரண்டு வருடம் முன்பு, பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில், அத்தை மகள் சஞ்சனாவோடு உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனாள். அங்கே பிஏபி பாசன வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். இரண்டு பெண்களும் குளிக்கப் போனார்கள். சஞ்சனா மட்டும் திரும்பி வந்தாள். அன்று என்ன நடந்தது என்று சஞ்சனாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க செல்வநாயகி விடவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் கனியைப் பற்றிப் பேசியது சாருமதி ஒருத்திதான். காலையில் காபி ஆற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். இருந்திருந்தால் இன்றைக்குக் காலேஜில் இரண்டாம் வருடம் என்பாள். இந்த மழையைப் பார்த்திருந்தால் மொட்டை மாடிக்கு ஓடியிருப்பாள் என்பாள். விசேஷ வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சு. அதனால் சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். இன்னுமா அதையே பேசிக்கிட்டிருக்கா என்று அலுத்துக்கொண்டார்கள். திருமூர்த்தி அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவள் ஆரம்பித்ததும் பைக் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிடுவான். ஊரைக் கூட்டுகிற குரல் இருந்தும் மகளின் பெயரை மட்டும் அவனால் சொல்ல முடியாமல் போயிருந்தது.

வாரம் நகர்ந்தது. பேச்சு நாற்காலியில் மாமன் வந்தார், மச்சான் வந்தார், சாருமதியோடு பாலிடெக்னிக்கில் படித்த தோழி வந்தாள். எல்லோரும் நல்லதாகவே பேசினார்கள். திருமூர்த்தி மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் உட்கார்ந்தான். கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் கரண்ட் போய், ஐயர் செல்ஃபோன் வெளிச்சத்தில் மந்திரம் சொன்னதைச் சொன்னபோது சாருமதியின் உதடு கோணி, கண் திறக்காமலே சிரித்தாள். திரையில் ஒரு சிவப்புத் திட்டு மெல்ல நீலமானது. இரண்டு வருடத்தில் அவள் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா கேன்டீனுக்குப் போன ஒரு சாயங்காலம் அவன் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டான். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் குனிந்தான். வாய் திறந்தது. அவள் முகத்தில் அழுத கோடுகளெல்லாம் அழிந்துபோய், பெண் பார்க்கப் போன அன்று இருந்ததுபோல் இருந்தது. இதை எழுப்பி மறுபடியும் அழ வைப்பதா என்று தோன்றியது. "போன வருஷம் வாங்குன புது தறி நல்லா ஓடுது சாரு" என்றான்.

மறுநாள் டாக்டர் அவனைத் திரைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். மூளை முழுக்க நீலம். நடுவிலிருந்து பக்கவாட்டுக்குப் பரவி ஒரே ஒரு இடம் மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"எல்லாம் நல்லாப் பேசியிருக்கீங்க. ஆனா இந்த இடத்துக்கு யாருமே போகல. இது சின்ன சமாச்சாரம் இல்லீங்க. வருஷக்கணக்கா, தினமும் நினைச்ச ஒண்ணு. அவங்க நினைப்புல பெரிய இடமே இதுதான். என்ன இது?"

திருமூர்த்திக்குத் தெரிந்தது. மகளை அப்படி ஒரு வடிவத்தில் அவன் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"தெரியலீங்க" என்றான்.

"யோசிச்சுப் பாருங்க. நாளைக்குள்ள பேசலைன்னா போயிடும்."

"போனா அவளுக்கு வலிக்குமுங்களா?"

"வலிக்காது. இருந்ததே தெரியாது."

அந்தப் பதில்தான் அவனைக் கவிழ்த்தது. வலிக்காது. அவளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தான். சாவு மட்டும் போய்விடும், பிள்ளை அவளிடம் இருப்பாள் என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். அது சரிதானா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் கனியின் பெயரைச் சொல்ல வேண்டும்.

சாருமதி எழுந்தாள். எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. செல்வநாயகியிடம் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தாள். சஞ்சனாவைப் பார்த்து, "நெம்ப இளைச்சுப் போயிட்டியே கண்ணு" என்றாள். நர்ஸுகள் கைதட்டினார்கள். திருமூர்த்தி காத்திருந்தான். கனி எங்கே என்று கேட்பாள், வெளியூரில் படிக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று பொய்கூடத் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அவனே பொறுக்கமாட்டாமல், "மாடி ரூம சுத்தம் பண்ணி வெக்கச் சொன்னேன்" என்றான்.

"எதுக்குங்க? சாமான் போட்டு வெக்கற ரூம்தானே அது."

அது கனியின் அறை. செல்வநாயகி அதற்குள் அதை உண்மையாகவே சாமான் அறை ஆக்கியிருந்தாள். படங்கள், சைக்கிள், பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் பல்லடம் போய்விட்டன. தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதே போதுமாக இருந்தது. இப்படிப்பட்ட காரியத்துக்கு நம் தெருக்கள் சொல்லிக்கொடுக்காமலே ஒன்று சேரும்.

சாருமதி சமைத்தாள், சாப்பிட்டாள், டிவி பார்த்துச் சிரித்தாள், உடம்பு தேறினாள். ஒருநாள் குளித்துவிட்டு வந்து, "ஏனுங்க, அடிவயித்துல இது என்னங்க தழும்பு?" என்று கேட்டாள். அன்று வந்திருந்த செல்வநாயகி முந்திக்கொண்டு, "கர்ப்பப்பைல கட்டி இருந்துச்சு சாமி. ஆபரேஷன் பண்ணாங்க" என்றாள்.

"அதனாலதான் நமக்குக் கொழந்தை இல்லாமப் போச்சா" என்றாள் சாருமதி. அழவில்லை. தழும்பை ஒருமுறை தடவிவிட்டுப் புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டாள்.

அடுத்த வாரம் திருமூர்த்தி டாக்டர் நஸ்ரீனிடம் தனியாகப் போனான். முதன்முதலாகக் கனியைப் பற்றிச் சொன்னான். பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை டாக்டர் புரிந்துகொண்டார்.

"சாவு மட்டும் போகும்னு நினைச்சனுங்க."

"மூளைல அப்படித் தனித்தனியா இல்லீங்களே. சாருமதி அம்மா அந்தப் புள்ளைய நினைக்கறப்ப எல்லாம் அந்தச் சாவையும் சேர்த்துத்தான் நினைச்சாங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிப்போச்சு. ஒண்ணைத் தின்னா இன்னொண்ணும் போகும்."

"இப்ப சொன்னா?"

"சொல்லலாமுங்க. ஃபோட்டோ காட்டலாம். ஆனா அவங்களுக்கு அது நியூஸ். தனக்கு ஒரு புள்ளை இருந்து செத்துப்போச்சுங்கற சேதி முழுசாப் போய்ச் சேரும். புள்ளை போய்ச் சேராது."

அவன் வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றான். பெற்றவள் மறந்த பிள்ளை இனி அவன் ஒருவனிடம்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னால் சாருமதிக்குத் துக்கம் மட்டும் திரும்பி வரும். சொல்லாவிட்டால் மனைவி பிழைத்த வீட்டில் அவன் தனியாக மகளைச் சுமக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆனால் பேசாமல் இருந்தால் தன்னிடமும் போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பட்டறையில் எல்லாத் தறியும் ஓடும் நேரம் பார்த்து நடுவில் போய் நிற்பான். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனுக்குக்கூட எதுவும் கேட்காது. அங்கே நின்று, "கனி" என்பான். அவள் தறிக் கட்டையில் சாய்ந்து தூங்கியதை, தக்காளி சாதத்தில் கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டோரம் வட்டமாக அடுக்கியதை, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டு அவனைக் கத்த வைத்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்வான். மருத்துவமனையில் வராத பேச்சு இங்கே வந்தது. முதலாளி பாட்டுப் பாடுகிறார் என்று ஆட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் சாருமதி சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்கு வந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். வெளியே கூட்டி வந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்து முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? கொழந்தை இல்லைன்னு மனசுக்குள்ள வெச்சு மருகறீங்க. நமக்குக் கொடுத்து வெக்கல, விடுங்க. வேணும்னா ஒரு பொம்பளப் புள்ளையத் தத்து எடுத்துக்கலாம். நான் இல்லீங்களா உங்களுக்கு?"

அவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மகளுக்காக அவன் அழுததற்கு அவளே ஆறுதல் சொன்னாள் என்பதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் யோசித்திருக்காது.

அடுத்த ஐப்பசி மழை விட்டதும் அவனுக்கே நெற்றி கொதித்தது.

நினைவு தெளிவாக இருக்கும்போதே அவன் இரண்டு காரியம் செய்தான். டாக்டர் நஸ்ரீனிடம், "சாருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று கையைப் பிடித்து வாக்கு வாங்கினான். பிறகு சஞ்சனாவை வரச் சொன்னான். அவள் இப்போது கோயமுத்தூரில்தான் காலேஜ் படிக்கிறாள்.

"கண்ணு, உனக்குத்தான் அவளைத் தெரியும். வேற ஆரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீ வந்து உக்காந்து கனியப் பத்திப் பேசு. எதை வேணாலும் பேசு. என்கிட்டயும் போயிருச்சுன்னா அந்தப் புள்ளை பொறக்கவே இல்லைன்னு ஆயிரும்."

சஞ்சனா தலையாட்டினாள். "பேசறேன் மாமா" என்றாள்.

அவள் தினமும் வந்தாள். ஆனால் பேச்சு நாற்காலியில் சாருமதி இருந்தாள்.

"எனக்காக ஒரு வாரம் அவரு இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கலீங்களாமா. நான் எந்திரிப்பனா?" என்று டாக்டரிடமே கேட்டாள். சாப்பாட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். கண் செருகினால் தண்ணீர் தெளித்துக்கொண்டு மறுபடி பேசினாள். அவள் குரலுக்குத்தான் அவன் மூளை எல்லோரையும்விட நன்றாகப் பதில் சொன்னது. திட்டுத் திட்டாகச் சிவப்பு இறங்குவதை டாக்டரே திரையில் பார்த்தார். அவளை எழுப்பி விட ஒரு மருத்துவக் காரணமும் இல்லை. சஞ்சனா கட்டிலின் கால்மாட்டில் நின்று அத்தையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகுக்குப் பின்னால் நின்று கனி என்று சொல்ல அவளால் முடியவில்லை.

கடைசிக்கு முந்தின நாள், திரையில் ஒரே ஒரு இடம் மட்டும் சிவப்பாக மிஞ்சியது. டாக்டருக்கு அந்த வடிவம் பழக்கமானது. வேறு மூளை, வேறு அமைப்பு. ஆனாலும் அதே அளவு.

"இந்த இடத்துல இன்னும் யாரும் பேசலீங்க" என்றார். சாருமதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சஞ்சனாவைப் பார்த்தார்.

சாருமதி திரையையே பார்த்தாள். "எல்லாம் பேசிட்டனுங்களே டாக்டர். மாமியார், மாமனார், பட்டறை, பழனி, என் சீக்கு, எல்லாம் சொல்லிட்டேன். இவ்வளவு பெரிசா எனக்குத் தெரியாம இவருகிட்ட என்னங்க இருக்கும்?" அவள் குரல் உடைந்தது. "ஒருவேளை கொழந்தை இல்லாத ஏக்கமா இருக்குமோ. அதையும் பேசறேன்." நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, குழந்தை இல்லாத வீட்டின் துக்கத்தை அவனிடம் நெடுநேரம் பேசினாள். சிவப்பு அசையவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் வாந்தி எடுத்தாள். நர்ஸ் கைத்தாங்கலாக அவளை பாத்ரூமுக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் கதவருகே போய் நின்றுகொண்டார். சஞ்சனா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். கனியும் அவளும் ஒரே ஐஸ்கிரீமைக் கடித்தது, மாமாவின் வண்டியைத் தெரியாமல் எடுத்துப் போனது. எதுவும் வரவில்லை. மூன்று வருடமாக வாய்க்குள் நின்றதுதான் முதலில் வந்தது.

"மாமா, அன்னிக்கு நான்தான் எறங்கலாம்னு சொன்னேன். அவ செருப்பக் கழட்டி, கரையில ஜோடி சேத்து அழகா வெச்சா. நான் கேலி பண்ணுனேன், என்னடி கோயிலுக்கா போறேன்னு. அவ சிரிச்சுட்டே ஒண்ணத் திருப்பி நேராக்கி வெச்சா. அப்பறம் எறங்குனா. அந்தச் செருப்பு..."

திருமூர்த்தியின் உதடு அசைந்தது. ம் என்றானா, வேறு ஏதாவது சொன்னானா, தெரியவில்லை. திரையில் அந்தப் பெரிய சிவப்பின் ஓரத்தில் ஒரு புள்ளி, கடுகளவு, நீலமானதை டாக்டர் மட்டும் பார்த்தார். சஞ்சனாவுக்கு அழுகை வந்து மேலே பேச முடியவில்லை. அதற்குள் சாருமதி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். "போதும் கண்ணு, நீ எதுக்கு அழுவற. மாமாவுக்கு ஒண்ணும் ஆவாது. எந்திரி, நான் உக்காந்துக்கறேன்."

திருமூர்த்தி பிழைத்தான். எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. நர்ஸுகள் கைதட்டினார்கள். பட்டறைக்குப் போனான், தறிகளைச் சுற்றிப் பார்த்தான், நடுவில் நின்று பாட்டுப் பாடவில்லை. ஆள் குணமாகிவிட்டார் என்று எல்லோருக்கும் திருப்தி.

தை மாதத்தில் சாருமதி வேண்டுதல் முடிக்க எல்லோரையும் உடுமலைக்குப் பக்கத்தில் திருமூர்த்தி மலைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். செல்வநாயகியும் சஞ்சனாவும் கூட வந்தார்கள். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, கட்டுச்சோறு சாப்பிட நல்ல நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். பிஏபி வாய்க்கால் கரை. புளியமரம். தண்ணீர் விட்டிருந்தார்கள். செல்வநாயகி, "இங்க வேண்டாம், இன்னும் கொஞ்ச தூரம் போவலாம்" என்றாள். ஏன் என்று சாருமதி கேட்டதும் கட்டுச்சோற்றுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நின்றது.

சாருமதி ஜமுக்காளத்தை விரித்தாள். "நம்ம ரெண்டு பேரும் சாகப் பொழைக்கக் கெடந்து எந்திரிச்சிருக்கோம். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சிரித்தாள். திருமூர்த்தியும் சிரித்தான். சஞ்சனா வண்டியை விட்டு இறங்கவில்லை. கதவுக் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

"கை கழுவிட்டு வந்தர்றேன்" என்று திருமூர்த்தி தண்ணீர் பக்கம் நடந்தான். கரையோரம் நின்று செருப்பைக் கழற்றினான். அவன் வாழ்நாளில் செருப்பைக் கழற்றிய இடத்தில் இரண்டும் இரண்டு திசையில்தான் கிடக்கும். சாருமதி அதற்காகக் கல்யாணமான நாளிலிருந்து திட்டியிருக்கிறாள். இப்போது அவன் குனிந்து இரண்டையும் ஜோடி சேர்த்து வைத்தான். ஒன்று சற்றுக் கோணலாக இருந்தது. அதைத் திருப்பி நேராக்கினான்.

"அட, இது எப்ப இருந்துங்க?" என்றாள் சாருமதி.

"தெரியல சாரு. ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து இப்படி வெச்சாத்தான் மனசு கேக்குது."

வண்டிக்குள் சஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டாள். திருமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு, கால் நனைய நின்றபடி கையை நீட்டினான். பட்டறைக் குரல் வாய்க்கால் முழுக்கக் கேட்டது.

"எதுக்குக் கண்ணு அழுவற? தண்ணின்னா பயமா? எறங்கி வா, ஆழமே இல்ல. நான் கையப் புடிச்சுக்கறேன்."